முதலாண்டு நிரலாக்க லேப்: மாணவர்கள் நிரல்களை மனப்பாடம் செய்வதை எப்படி மாற்றுவது?

கேள்வி: மருதநிலம்

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் கலை, அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாண்டு மாணவர்களுக்குப் பைதான் பாடத்தையும் அதற்குரிய லேபையும் நடத்தி வருகிறேன். வகுப்பில் 60 பேர். லேபில் ஒழுங்காக இயங்கும் கணினிகள் 30. பாடத்திட்டத்தில் 12 பயிற்சிகள் கொடுக்கப்பட்டுள்ளன. அவை ஆண்டுதோறும் மாறுவதில்லை என்பதால், மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள் கைமாறி வந்து, முதல் வாரத்திலேயே எல்லாப் பயிற்சிகளுக்குமான விடைகள் வகுப்பில் உலவத் தொடங்கிவிடுகின்றன. செய்முறைத் தேர்வன்று மாணவர் ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ள பயிற்சியைத் தாளில் எழுதி, பிறகு கணினியில் தட்டச்சு செய்து, அவுட்புட்டைப் புறத்தேர்வாளரிடம் காட்டினால் போதும். பெரும்பாலோர் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த நிரலில் சிறு மாற்றம் ஒன்றைச் செய்யச் சொன்னால் நிலைமை வேறாகிவிடுகிறது. ஓர் எண் பகா எண்ணா என்று கண்டறியும் நிரலைப் பிழையின்றி எழுதிய மாணவரிடம், 1 முதல் 50 வரையுள்ள பகா எண்களின் கூட்டுத்தொகையைக் கேட்டால் விழிக்கிறார். மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஏன் எண்ணின் பாதியோடு நிற்கிறது என்று கேட்டால், "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, மேடம்" என்பதே விடை. மேல்நிலையில் கணினி அறிவியல் படித்து, பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைதான் என்று பார்த்துவிட்டு வந்தவர்களும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கோ, வைவாவில் ஆங்கிலத்தில் விடை சொல்ல வேண்டுமே என்ற தயக்கம் கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது. வீட்டுக்குக் கொடுக்கும் பயிற்சிகள் அண்மைக் காலமாக எல்லோரிடமிருந்தும் ஒரே அழகோடு, ஒரே குறிப்புரைகளோடு வந்து சேர்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண் 40 மட்டுமே என் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? எங்கள் துறையில் மூத்த பேராசிரியர்கள் சிலர், பைதானை முதலில் கற்பிப்பதுதான் கோளாறு, பழையபடி சி மொழியில் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில்: சதுக்கம்

மாணவர்கள் சோம்பேறிகள் என்றோ அக்கறையற்றவர்கள் என்றோ நீங்கள் எழுதவில்லை. அதுவே நல்ல தொடக்கம். 12 விடைகளை நினைவில் வைத்தால் தேர்ச்சி உறுதி என்ற ஏற்பாட்டில், மனப்பாடம் செய்வதுதான் அறிவுள்ளவர் எடுக்கக்கூடிய முடிவு.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று. 2001இல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையிலான குழு ஒன்று, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த மாணவர்களுக்கு ஒரே வகையான நிரல்களை எழுதக் கொடுத்துப் பார்த்தது. 110 மதிப்பெண்ணுக்குச் சராசரியாக 22.89 மட்டுமே கிடைத்தது. மாணவர்களுக்குச் சிக்கலைப் பகுத்துத் தீர்க்கும் திறன் இல்லை என்பதே அதிலிருந்து பலர் எடுத்த முடிவு. ஆனால் 2004இல் ரேமண்ட் லிஸ்டரும் அவருடைய சகாக்களும் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள்: எழுதுவது இருக்கட்டும், எழுதிக் கொடுத்த நிரலை இவர்களால் படிக்க முடிகிறதா? ஏழு நாடுகளின் மாணவர்களிடம் 12 கொள்குறி வினாக்களைக் கொடுத்து, சில வரிகளே உள்ள நிரல் துண்டுகள் ஓடி முடிந்தபின் மாறிகளில் என்ன மதிப்பு இருக்கும் என்று கேட்டபோது, கணிசமானவர்கள் அதிலேயே தடுமாறினார்கள். அதாவது, வாசிக்கத் தெரியாதவரிடம் நாம் கட்டுரை எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பின்னர் வந்த ஆய்வுகளும் வரிவரியாகப் பின்தொடர்வது, நிரல் என்ன செய்கிறது என்று விளக்குவது, புதிதாக எழுதுவது ஆகிய மூன்றுக்கும் இடையே வலுவான தொடர்பு இருப்பதைக் காட்டின.

ஆகவே, முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு எழுதச் சொல்வதைக் குறைத்து, படிக்கச் சொல்லுங்கள் என்பதே என் பரிந்துரை. கணினியைத் தொடுமுன் கணிக்க வேண்டும். கரும்பலகையில் மூன்று வரிகள் போதும்: முதல் வரியில் அ = 5, இரண்டாவதில் ஆ = அ, மூன்றாவதில் அ = 7. இப்போது ஆ-வின் மதிப்பு என்ன? பைதான் 3 தமிழ் எழுத்துகளை மாறிப் பெயராக ஏற்கும் என்பதால், இதை அப்படியே தட்டச்சு செய்து ஓட்டியும் காட்டலாம். சம அடையாளத்தைக் கணக்குப் பாடத்தில் பழகியபடி நிலையான சமன்பாடாக நினைப்பவர்கள் 7 என்பார்கள். அந்தத் தவறான எண்ணத்தோடு பருவம் முழுவதையும் கடந்துவிடும் மாணவர்கள் உண்டு. ரெக்கார்டு நோட்டில் அது ஒருபோதும் வெளிப்படாது. அவர்கள் கணித்ததைத் தாளில் எழுதிய பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதிடச் சொல்லி, மீண்டும் விடை கேளுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய இந்த முறையைச் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணினிப் பாடங்களுக்குக் கொண்டுவந்தபோது, நான்கு பாடங்களில் தோல்வி விகிதம் சராசரியாக 20 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைந்ததாக 2013இல் வெளியிட்டார்கள். நம் வகுப்புகளில் அதே அளவு குறையும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் இதற்குச் செலவு ஏதுமில்லை.

அடுத்து, விளக்கச் சொல்வது. த = அ, அ = ஆ, ஆ = த என்ற மூன்று வரிகளைக் கொடுத்து, இவை சேர்ந்து என்ன செய்கின்றன என்று ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். "அ-வின் மதிப்பைத் த-வில் போடுகிறது, பிறகு ஆ-வின் மதிப்பை..." என்று வரிக்கு வரி திருப்பிச் சொல்பவர் ஒரு நிலையில் இருக்கிறார், "இரண்டு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றுகிறது" என்பவர் அடுத்த நிலைக்கு வந்துவிட்டார். இந்த விளக்கத்தைத் தமிழில் எழுத அனுமதியுங்கள். நிரல் புரிந்ததா என்று சோதிக்கும் இடத்தில் ஆங்கிலத்தையும் சேர்த்துச் சோதித்தால், எது விளங்கவில்லை என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். கலைச்சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். வாக்கியம் அவர்களுடையதாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, நியூசிலாந்தின் ஒடாகோ பாலிடெக்னிக்கைச் சேர்ந்த டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் இருவரும் 2006இல் எழுதிய ஒரு பயிற்சி முறை. சரியான நிரலை வரி வரியாக வெட்டிக் கலைத்து, இடையில் ஓரிரு தவறான வரிகளையும் போட்டு, மாணவரை அடுக்கச் சொல்வது. இதற்குக் கணினிகூடத் தேவையில்லை. ஒரு ஜெராக்ஸ் பிரதியும் கத்தரிக்கோலும் போதும்.

உங்கள் பகா எண் நிரலையே எடுத்துக்கொள்வோம். ரெக்கார்டு நோட்டுகளில் நான் அடிக்கடி காணும் வடிவத்தில், மடக்கின் எல்லை 2 முதல் எண்ணின் பாதி வரை என்று, எண்வரிசையைத் தரும் ரேஞ்ச் செயற்கூற்றுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். ரேஞ்ச் மேல் எல்லையைச் சேர்த்துக்கொள்ளாது. எனவே 4 என்ற எண்ணைக் கொடுத்தால் 2 முதல் 2 வரை, அதாவது வெறும் மடக்கு. நிரல் கூசாமல் 4ஐப் பகா எண் என்று அறிவித்துவிடும். 6, 8, 9 என்று வேறு எந்தப் பகு எண்ணைக் கொடுத்தாலும் சரியான விடைதான் வரும். "1ஐ விட்டுவிடுவோம், வேறு எந்த எண்ணுக்கு இந்த நிரல் பொய் சொல்லும்?" என்று அந்த வரியைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்தவருக்கு இதில் பிடிமானமே கிடைக்காது. வரிவரியாக ஓட்டிப் பார்க்கப் பழகியவர் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார். மூத்தவர்களின் நோட்டில் இருப்பதெல்லாம் சரியானதன்று என்ற சந்தேகமும் அன்றே பிறந்துவிடும்.

60 பேருக்கு 30 கணினிகள் என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் அடுத்த வரி என்ன என்று சொல்லியபடி பிழைகளைக் கவனிக்க, கால் மணிக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இடமாற்றத்தை நீங்களே மணி அடித்துச் செய்தாக வேண்டும். விட்டுவிட்டால் விசைப்பலகை கடைசிவரை ஒருவரிடமே இருக்கும்.

பதில்: பொருநைக்கரை

சதுக்கம் ஐயா எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மொழித் தேர்வு பற்றிய கேள்வியை அவர் தொடவே இல்லை. சி மொழியை முன்வைக்கும் மூத்தவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வரை பொறியியல் முதலாண்டில் சி மொழி இருந்தது. 2017, 2021 ஒழுங்குமுறைகளில் முதல் பருவத்துக்குப் பைதான் வந்தது, கணினிப் பொறியியல் மாணவர்களுக்கு இரண்டாம் பருவத்தில் சி தொடர்ந்தது. பொறியியலின் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான முதல் பாடம் என்ற அளவில் இது சரியான முடிவுதான். கணினியையே முதன்மைப் பாடமாக எடுப்பவருக்கு அப்படியில்லை. நினைவகத்தில் ஓர் எண் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதைப் பைதான் மறைத்துவிடுகிறது.

ஒரு சான்று. பழைய டர்போ சி கம்பைலரில் முழு எண்ணுக்கு 16 பிட்டுகள்தான். 32767க்கு மேல் கொள்ளாது. அதில் 8இன் தொடர்பெருக்கத்தை (1 முதல் 8 வரையுள்ள எண்களின் பெருக்குத்தொகையை) கேட்டால் 40320க்குப் பதிலாக -25216 வரும். எதிர்மறை எண்ணைப் பார்த்ததும் மாணவருக்கு ஏதோ தவறு என்று உறைக்கும். இன்றைய ஜிசிசி கம்பைலரில் முழு எண் 32 பிட்; 12இன் தொடர்பெருக்கம் வரை சரியாக வரும், 13க்குப் பொதுவாக 1932053504 என்று வரும். சரியான விடை 6227020800. இந்தத் தவறான விடை நேர்ம எண்ணாகவும் நீளமாகவும் இருப்பதால் ஒருவரும் ஐயப்படுவதில்லை! பைதானிலோ இந்த அனுபவமே கிடைக்காது. எவ்வளவு பெரிய எண்ணையும் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும். இந்தப் பாடத்தைத் தவறவிட்டவர் பிறகு தரவுக் கட்டமைப்புகளுக்கு வந்து, லிஸ்ட் ஒன்றுக்கு இரண்டு பெயர் வைத்து, ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறுகிறதே என்று திகைப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சுட்டி (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) என்றால் என்ன என்று அறிந்தவருக்கு அந்தத் திகைப்பு வருவதில்லை.

இதற்காக டர்போ சியையே, பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸில் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1980களின் இறுதியில் வந்த ஒரு மென்பொருளின் நீலத் திரையை மாணவர்களுக்குக் காட்டி, நவீன கம்பைலர்கள் பலவும் ஏற்காத தலைப்புக் கோப்புகளைப் பழக்குவது வேறு வகைக் கேடு.

மருதநிலம் அவர்களின் சிக்கல் மொழியை மாற்றினால் தீருமா என்றால், தீராது. நான் மாணவனாக இருந்த காலத்தில் சி நிரல்களையும் இதேபோலத்தான் மனப்பாடம் செய்தார்கள். மூத்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பதில்: முனையம்

நான் ஆசிரியர் அல்லன். கல்லூரி ஒன்றில் கணினி லேபைப் பராமரிப்பவன். கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இணைய இணைப்பு நம்பகமாக இல்லாத லேபுக்கு, எஸ்தோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில் உருவான தோனி என்ற இலவச மென்பொருள் மிகவும் ஏற்றது. நிரலை ஒவ்வோர் அடியாக ஓட்டி, ஒரு கணக்குக் கோவையில் எந்தப் பகுதி முதலில் மதிப்பிடப்படுகிறது, அந்த இடத்தில் என்ன மதிப்பு வந்து அமர்கிறது என்பதையெல்லாம் திரையிலேயே காட்டும். பழைய கணினிகளிலும் தொல்லையின்றி ஓடுகிறது. இணையம் இருந்தால், பிலிப் குவோ உருவாக்கிய பைதான் டியூட்டர் தளம் அம்புக்குறிகளோடு நினைவகத்தையே படமாக வரைந்து காட்டும். பொருநைக்கரை ஐயா சொன்ன இரண்டு பெயர் கொண்ட லிஸ்ட் அங்கே ஒரே பெட்டியை நோக்கும் இரு அம்புகளாகத் தெரியும்.

கல்லூரியில் மூடில் என்ற இணையவழிக் கற்றல் மென்பொருளை நிறுவியிருந்தால், நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கோட்ரன்னர் என்ற செருகுநிரலைச் சேர்க்கலாம். மாணவர் அனுப்பும் நிரலை மறைவான உள்ளீடுகளோடு ஓட்டி உடனே மதிப்பெண் தரும். மேலே சொன்ன 4 என்ற எண்ணை மறைவான உள்ளீடாக வைத்துவிட்டால், நோட்டிலிருந்து படியெடுத்த நிரல்கள் அனைத்தும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். நிரல்களை ஓட்டும் வழங்கியைத் தனிக் கணினியில் அமைக்கச் சொல்லுங்கள். மாணவர்களின் முடிவில்லா மடக்கு ஒன்று மூடிலையே முடக்கிவிடக் கூடாது.

மருதநிலம் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. வெட்டிக் கலைத்த நிரல் பயிற்சியையும் ஒரு வாக்கிய விளக்கத்தையும் வரும் வாரமே தொடங்கப்போகிறேன். இரண்டு தடைகள் மட்டும் எஞ்சியுள்ளன. ரெக்கார்டு நோட்டை விடமுடியாது. அது முழுமையாக இல்லாவிட்டால் புறத்தேர்வாளர் மாணவரைத் தேர்வுக்கே அனுமதிப்பதில்லை. 60 பேருக்கும் தனித்தனியே வாய்மொழியாகக் கேள்வி கேட்க எனக்கு நேரமும் இல்லை. சாட்ஜிபிடி பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

பதில்: கார்த்திகைப்பூ

கடைசியில் கேட்டதற்கு முதலில் விடை சொல்கிறேன். சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்தது 2022 நவம்பர் இறுதியில். அதற்கு முன்பே, ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் முதலாண்டு நிரலாக்கத் தேர்வு வினாக்களைக் நிரல் எழுதும் கோடெக்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2022 தொடக்கத்தில் வெளிவந்தது. அதே தேர்வுகளை எழுதிய 71 மாணவர்களோடு வைத்துப் பார்த்தால் அதற்கு 17ஆம் இடம். இன்றுள்ள மாதிரிகள் அதைவிடப் பல படிகள் மேலே. எனவே வீட்டுக்குக் கொடுக்கும் நிரலுக்கு மதிப்பெண் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள்; செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களைத் தேடி அலைவதும் வீண், அவை நேர்மையான மாணவர் மீதும் பழி சுமத்தக்கூடியவை. வீட்டில் எதைப் பயன்படுத்தியும் பழகட்டும். மதிப்பெண் என்பது லேபில், உங்கள் கண்முன் நடப்பதற்கு மட்டும்.

சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இளநிலைப் படிப்பில் பாடங்கள் இணையவழியில் நடந்தாலும், முதன்மைத் தேர்வுகளை மாணவர் நேரில் மையத்துக்கு வந்துதான் எழுத வேண்டும். அந்தப் படிப்பின் அடிப்படை நிலையில் பைதானுக்கு முன்பே, கணினிவழிச் சிந்தனை என்றொரு பாடத்தை வைத்திருப்பதையும் கவனியுங்கள். மதிப்பெண் அட்டைகள், கடை ரசீதுகள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டி, பெருமத்தைக் கண்டுபிடிப்பது, எண்ணுவது, வடிகட்டுவது என்று மடக்கின் உட்பொருளை எந்த மொழியின் இலக்கணமும் இல்லாமல் கற்பிக்கிறார்கள். வணிகவியல் பிரிவிலிருந்து வரும் மாணவர் ஒருவருக்கு இதைவிட நட்பான நுழைவாயிலை நான் அறியேன்.

இனி உங்கள் 40 மதிப்பெண். ரெக்கார்டு நோட்டை எழுதட்டும். அதற்கு 5 மதிப்பெண் மட்டும் வையுங்கள். நோட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிர்ப் பக்கத்தில் இரண்டு கூடுதல் பகுதிகளைக் கட்டாயமாக்குங்கள்: நிரலைக் கையால் ஓட்டிக் காட்டும் மதிப்பு அட்டவணை ஒன்று, அதை வேறு எந்த உள்ளீட்டுக்குச் சோதித்தேன் என்ற குறிப்பு ஒன்று. மூத்தவர்களின் நோட்டில் இவை இருக்காது. அடுத்த ஆண்டு இருக்கும் என்பதால், உள்ளீடுகளை ஒவ்வொருவருக்கும் வருகைப் பதிவு எண்ணை வைத்துப் பிரித்துக் கொடுங்கள். வாரந்தோறும் முதல் பத்து நிமிடத்தில், அவுட்புட்டைக் கணிக்கும் தாள் தேர்வுக்கு 10. முந்தைய வாரப் பயிற்சியில் ஒரு மாற்றத்தைக் கணினியில் செய்து காட்டுவதற்கு 15. எஞ்சிய 10 வாய்மொழிக்கு.

வாய்மொழிக்கு நேரமில்லை என்கிறீர்கள். ஒரு லேப் வகுப்புக்கு ஐந்து பேர், ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால், 12 வாரங்களில் 60 பேரும் முடிந்துவிடுவார்கள். மற்றவர்கள் அப்போது இருவர் இருவராக வேலை செய்துகொண்டிருப்பார்கள். யாரை அழைப்பீர்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அவர் எழுதிய நிரலிலேயே ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, இதை நீக்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். விடை தமிழில் வரட்டும். பருவத்துக்கு ஒரு முறைதான் என்பது குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த வாரமும் தன் பெயர் வரலாம் என்பது தெரிந்திருந்தால், இருவரில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரும் திரையைப் பார்க்கத் தொடங்குவார்.

புறத்தேர்வைப் பற்றியும் ஒன்று. சீட்டில் பயிற்சியின் தலைப்பு மட்டுமே இருக்க வேண்டும் என்று உங்கள் பல்கலைக்கழக விதியில் உண்மையிலேயே எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல இடங்களில் அது வெறும் வழக்கம்தான். அகத்தேர்வாளராக நீங்கள் சீட்டு தயாரிக்கும்போது, பாடத்திட்டத்திலுள்ள அதே 12 பயிற்சிகளுக்கும் கீழே ஒரு வரி மாற்றத்தைச் சேர்த்து எழுதி, தேர்வு தொடங்குமுன் புறத்தேர்வாளரிடம் காட்டி ஒப்புதல் பெற்றுக்கொள்ளலாம். முதல் ஆண்டு அந்த மாற்றத்துக்கு மதிப்பெண் சிறிதாகவே இருக்கட்டும்; மாடல் தேர்வையும் இதே முறையில் நடத்திவிட்டால் மாணவர்கள் அதிர்ச்சியடையமாட்டார்கள்.